கவர் பிரிக்காத பயிற்சியாளர்

இருபத்திரண்டு பேர் துரத்துவார்கள். பக்கத்திலேயே கிடந்தாலும் அநேகம் பேர் கையால் தொடமாட்டார்கள். அகப்பட்டவர் வைத்துக்கொள்ளவும் மாட்டார், ஒரு உதை கொடுத்து அனுப்பிவிடுவார். அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்?

பந்து என்றுதானே சொன்னீர்கள்? அப்படியானால் நீங்கள் நெடுவாங்குறிச்சிக்காரர் இல்லை. இந்த விடுகதையை அந்த ஊர் உயர்நிலைப் பள்ளி ஆண்டுவிழாவில் ஒருமுறை போட்டார்கள். ஊரே கூடி யோசித்து, "பக்கத்து ஊர் நாய்" என்று விடை சொன்னது. சொன்னவருக்கு ஒரு டிபன் பாக்ஸ் பரிசு. அவர் அதை இன்னும் அட்டைப்பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவில்லை.

நெடுவாங்குறிச்சியின் வழக்கம் அது. அங்கே புழங்காத பொருள்தான் நல்ல பொருள். நாற்காலி வாங்கினால் அதன்மேல் இருக்கும் பிளாஸ்டிக் கவரைப் பிரிக்கமாட்டார்கள். உட்கார்ந்தால் வழுக்கும், வேர்க்கும், எழுந்தால் சட்டையோடு ஒட்டிக்கொண்டு வரும். ஆனாலும் பிரிக்கமாட்டார்கள். பள்ளி ஆய்வகத்தில் நுண்ணோக்கி ஒன்று உண்டு. அதை அறிவியல் தங்கபுஷ்பம் டீச்சர் பீரோவில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகியிருந்தார். பிள்ளைகளுக்குப் பீரோவைக் காட்டிப் பாடம் நடத்துவார்.

பள்ளிக்கு ஒரு கால்பந்தும் இருந்தது. அதுவும் கவரோடு தலைமையாசிரியர் அறையில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. பெண்கள் கால்பந்து அணி என்று ஒன்றும் இருந்தது. பழைய துணியைச் சுருட்டித் தைத்த பந்தை அவர்கள் உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

அணியின் கேப்டனும் கோல்கீப்பரும் பேச்சி. ஒன்பதாம் வகுப்பு. அந்த ஊரில் பையன்கள் நிற்க டீக்கடை உண்டு, பாலம் உண்டு, பேருந்து நிறுத்தம் உண்டு. பெண்பிள்ளைகள் பள்ளி விட்டபின் வெளியே நிற்க இருந்த ஒரே இடம் பள்ளி மைதானம்தான்.

அந்த மைதானத்தில் சந்தைக்கொட்டகை போடலாம் என்று பஞ்சாயத்துக்கு ஒரு யோசனை வந்தது. கடைசியில் போனால் போகிறது என்று ஒரு நிபந்தனை வைத்தார்கள். வருகிற சனிக்கிழமை வட்டாரப் போட்டியில் பள்ளி அணி முழு ஆட்டமும் ஆட வேண்டும். ஆட்டம் முடியும் விசில் ஊதும்போது முறையாக நியமிக்கப்பட்ட தலைமைப் பயிற்சியாளர் ஒருவர் கோட்டோரம் இருக்க வேண்டும். இரண்டும் நடந்தால் மைதானம் பள்ளிக்கு. ஒன்று குறைந்தாலும் சந்தைக்கு.

"ஜெயிக்க வேண்டாமா?" என்று பேச்சி கேட்டாள்.

"வேண்டாம். உங்க ஊர்க்காரங்ககிட்ட அவ்வளவு எதிர்பார்க்க முடியுமா?" என்றார் பஞ்சாயத்துச் செயலர். அவரும் அதே ஊர்க்காரர்தான்.

உடனே தேர்வுக்குழு கூடியது. தலைமையாசிரியர் ஆவுடையப்பன், தங்கபுஷ்பம் டீச்சர், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் கோமதிநாயகம் என்று மூன்று பேர். கோமதிநாயகம் பாத்திரக்கடைக்காரர். எதையும் சுண்டிப் பார்க்காமல் வாங்கமாட்டார்.

"தலைமைப் பயிற்சியாளர்னு சொல்லியிருக்காங்க. தலைமைன்னா அவருக்குக் கீழே ஆள் வேணுமே, அண்ணாச்சி" என்றார் தலைமையாசிரியர்.

கோமதிநாயகம் கண்ணை மூடி யோசித்தார். "மேடை மேல உக்கார வைப்போம். அப்புறம் எல்லாரும் கீழேதானே."

குழு இதை ஒருமனதாக ஏற்றது.

முதலில் வந்தவர் கடற்கரைப் பக்கத்துக்காரர், சேவியர் பர்னாந்து. இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தவர். அவருடைய பூட்ஸ் தேய்ந்திருப்பதைக் கண்டதுமே தங்கபுஷ்பம் டீச்சர் முகம் சுளித்தார்.

"தோத்த ஆட்டம் ஏதும் உண்டா?" என்று கோமதிநாயகம் கேட்டார்.

"இல்லாம இருக்குமா சார்? நூறுக்கு முப்பது தோத்திருப்போம். தோத்தாத்தானே எங்கே ஓட்டைன்னு தெரியும்."

பாத்திரக்கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாற்காலி கவர் கிறீச்சிட்டது. "முப்பது ஓட்டை விழுந்த அண்டாவை நான் வித்தா ஊர் என்னைச் சும்மா விடுமா, வே?"

"தோக்கிறதுக்கு வெளியூர் ஆள் எதுக்கு? அதை நாங்களே செஞ்சுக்கிறோம்" என்றார் தலைமையாசிரியர். சேவியருக்கு ஒரு காப்பி கொடுத்து அனுப்பினார்கள். புது டம்ளரைப் புழங்கவிடாமல் காப்பியைப் பாலிதீன் பையில் கட்டிக் கொடுத்தார்கள்.

அடுத்து வந்தவர் ஜெயராணி. மாநில அணிக்கு ஆடியவர். அவருடைய முழங்காலில் ஒரு தழும்பு இருந்தது.

"அது என்னம்மா?"

"பெரிய ஆட்டம் ஒண்ணுல விழுந்தேன் சார். ஆனா அன்னைக்கு ஜெயிச்சோம்."

மூவரும் தலையை ஒன்றாகச் சேர்த்துக் குசுகுசுவென்று பேசினார்கள். பிறகு தங்கபுஷ்பம் டீச்சர் மிகவும் பரிவாகக் கேட்டார்: "கீறல் விழுந்த சாமானைப் பாதி விலைக்கு எடுக்கிறதுதான் இங்கே வழக்கம். பாதிச் சம்பளத்துக்கு வருவீங்களா?"

ஜெயராணி எழுந்தார். "உங்க பிள்ளைங்களை நினைச்சா பாவமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"நல்ல மனசு. நம்ம பிள்ளைங்க மேல எவ்வளவு இரக்கம். பாவம், கீறல் இல்லாம இருந்திருக்கலாம்" என்றார் தலைமையாசிரியர்.

அந்த நேரம் பார்த்து கோமதிநாயகத்துக்குச் சாப்பாட்டுக் கேரியர் வந்தது. கொண்டுவந்தவர் குற்றாலிங்கம். நாற்பது வயது. எந்த வேலைக்கும் போனதில்லை. சட்டையில் மடிப்பு கலையாமல், முகத்தில் ஒரு கவலைக்கோடு இல்லாமல், கடையில் வைத்த பொம்மை மாதிரி இருந்தார். தேர்வுக்குழு அவரை ஏற இறங்கப் பார்த்தது.

"நீ பந்து ஆடியிருக்கியா, மாப்பிள்ளை?" என்று கோமதிநாயகம் கேட்டார்.

"இல்லையே அத்தான்."

"தோத்திருக்கியா?"

"ஆடினாத்தானே தோக்கிறதுக்கு."

தலைமையாசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது.

"வேற ஏதாவது வேலை பாத்திருக்கீங்களா?" என்று தங்கபுஷ்பம் டீச்சர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அக்கா சாப்பாடு குடுத்து விடும். கொண்டாந்து குடுப்பேன்."

"அது வீட்டு உபயோகம். கணக்குல வராது" என்றார் தலைமையாசிரியர்.

கோமதிநாயகம் எழுந்து குற்றாலிங்கத்தின் தோளை விரலால் சுண்டிப் பார்த்தார். சத்தம் வரவில்லை. "விரிசல் இல்லை" என்றார்.

அங்கேயே நியமன உத்தரவு தயாரானது. புதிய பயிற்சியாளர் கோமதிநாயகத்தின் மைத்துனர் என்பதைக் குழுவில் யாருமே கவனிக்கவில்லை. கோமதிநாயகமும் கவனிக்கவில்லை.

மறுநாள் குற்றாலிங்கம் மேடையில் ஏறி அமர்ந்தார். பள்ளியின் விசிலும் கவருக்குள்ளேதான் இருந்தது என்பதால், ஊத வேண்டிய இடத்தில் "பீப்" என்று வாயால் சொன்னார்.

"பிள்ளைகளா, ஓடினா கால் தேயும். சனிக்கிழமை வரைக்கும் யாரும் ஓடக்கூடாது."

"அப்ப பயிற்சி எப்போ சார்?" என்றாள் பேச்சி.

"இதுதான் பயிற்சி. நல்லா உக்காரு."

"எதிர் அணி பந்தைக் கொண்டுட்டு வந்தா நாங்க என்ன செய்யணும்?"

குற்றாலிங்கம் யோசித்தார். "வாங்கன்னு சொல்லணும். வீடு தேடி வர்றவங்களை அப்படித்தானே சொல்லுவோம்?"

பிள்ளைகள் வேப்பமரத்து நிழலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பயிற்சியாளர் சாப்பிடப் போனதும் எழுந்து துணிப்பந்தை உதைத்தார்கள். அவர் சாப்பிட நெடுநேரம் எடுத்துக்கொள்வார் என்பது ஒன்றுதான் அந்த நியமனத்தில் நடந்த நன்மை.

சனிக்கிழமை வந்தது. எதிரே அடுத்த ஊர்ப் பள்ளி அணி. நெடுவாங்குறிச்சிப் பிள்ளைகளுக்குப் புதுச் சட்டை கொடுத்திருந்தார்கள், கவரோடு. தலைக்கும் கைக்கும் கவரில் ஓட்டை போட்டு மாட்டிவிட்டார் தங்கபுஷ்பம் டீச்சர். பிள்ளைகள் ஓடும்போது பதினோரு மிக்சர் பொட்டலங்களை ஒன்றாகப் பிரிப்பதுபோல் சத்தம் வந்தது.

உண்மையான பந்து எவ்வளவு வேகமாக வரும் என்பதைப் பேச்சி அன்றுதான் கண்டாள். முதல் பந்து அவளைத் தாண்டி வலைக்குள் போனது. அடுத்ததும் போனது. மூன்றாவது பந்தை நெஞ்சோடு அணைத்தாள், அது கவரின் வழவழப்பில் நழுவி உள்ளே போனது.

பேச்சி தன் கவரைக் கிழித்து எறிந்தாள். மற்ற பிள்ளைகளும் கிழித்தார்கள்.

"ஐயோ, புதுசு" என்று தங்கபுஷ்பம் டீச்சர் நெஞ்சில் கை வைத்தார்.

அதன்பிறகு ஆட்டம் கொஞ்சம் ஆட்டம்போல் இருந்தது. பேச்சி விழுந்து புரண்டு பந்தைப் பிடித்தாள். சட்டை செம்மண் நிறமானது. ஆனாலும் விழுந்த மூன்று கோலும் விழுந்ததுதானே. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. அப்போதுதான் குற்றாலிங்கம் விசாரித்தார்:

"அத்தான், இப்படியே முடிஞ்சா என்ன அர்த்தம்?"

"தோத்தோம்னு அர்த்தம்."

"யார் தோத்தது?"

"நீதான். தலைமைப் பயிற்சியாளர் நீதானே."

குற்றாலிங்கம் வெளிறிப்போனார். "நாப்பது வருஷமா ஒரு கறை படாம வச்சிருந்த உடம்பு, அத்தான்." அந்த இடத்திலேயே பதவியை ராஜினாமா செய்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தோல்வி வந்து சேர்வதற்குள் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து ஓடினார். கால் தேயும் என்று சொன்னவர்தான். நன்றாகவே ஓடினார்.

"தோக்கிறதுக்கு முன்னாடியே விலகிட்டான் பாத்தீரா. கடைசி வரைக்கும் புதுசு" என்று கோமதிநாயகம் பெருமைப்பட்டார்.

பஞ்சாயத்துச் செயலர் குடையை மடக்கிக்கொண்டு வந்தார். "விசில் ஊதும்போது இங்கே தலைமைப் பயிற்சியாளர் இல்லைன்னா, திங்கட்கிழமை கொட்டகைக்குக் குழி தோண்டுவோம்" என்றார்.

"யார் வேணும்னாலும் இருக்கலாமா?" என்று தலைமையாசிரியர் கேட்டார்.

"குழு நியமிச்சிருக்கணும். கோட்டோரம் இருக்கணும். ஓடிப்போகக் கூடாது. மத்தபடி உத்தரவுல ஒண்ணும் இல்லை."

தேர்வுக்குழு கோட்டோரமே கூடியது.

"நீங்களே இருங்க, ஹெச்.எம். சார்" என்றார் கோமதிநாயகம்.

"நானா? ஓய்வுபெற இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. இப்போ போய்த் தோல்வி வாங்கினா வழியனுப்பு விழாவுல என்ன பேசுவாங்க? டீச்சர் இருக்கட்டும்."

"எனக்குச் சாவி பொறுப்பு இருக்கு சார். அண்ணாச்சி இருக்கட்டும்."

"நான் யாவாரி. தோத்தவன் கடையில யாரும்மா குடம் வாங்குவா?"

மூவரும் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்துகொண்டார்கள். மூன்று பேர் என்பதால் அது ஒரு வட்டமாகி, கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஏதோ கும்மி என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

பந்து கோட்டுக்கு வெளியே போனதால் ஆட்டம் ஒரு கணம் நின்றது. தலைமையாசிரியர் மூச்சு வாங்கப் பேச்சியைக் கூப்பிட்டார். "கேப்டன், நேரம் இல்லை. நீயே ஆளைக் காட்டு. நீ காட்டுற ஆளுக்கு நான் கையெழுத்துப் போடுறேன்."

"யாரை வேணும்னாலும் காட்டலாமா சார்?"

"யாரை வேணும்னாலும். ஆனா தோத்த அனுபவம் இருக்கக் கூடாது."

"ஓடவும் கூடாது" என்று செயலர் ஞாபகப்படுத்தினார்.

பேச்சி முகத்திலிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். தலைமையாசிரியர் வானத்தைப் பார்த்தார். தங்கபுஷ்பம் டீச்சர் சாவியை எண்ணினார். கோமதிநாயகம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார். அவர்களுக்குப் பின்னால், கோட்டோரம், யாரோ முளை அடித்துக் கட்டிப்போட்டிருந்த வெள்ளாடு ஒன்று கிழிந்த பிளாஸ்டிக் கவரைத் தின்றுகொண்டிருந்தது. நடுவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு விசிலை வாயில் வைத்தார்.

பேச்சி ஆட்டைக் காட்டினாள்.