குபேரதாசர் இலையில் சோற்று மலை

நாவல்பட்டினத்தில் ஒரு காலத்தில் குதிரை வியாபாரம் அமோகமாக நடந்தது. குதிரை மட்டும்தான் இல்லை. கடல் கடந்து வரப்போகும் குதிரைகளைப் பெருவணிகர் குபேரதாசர் இன்னொருவருக்கு விற்றார். அவர் மூன்றாமவருக்கு விற்றார். மூன்றாமவர் கூடுதல் விலை வைத்துக் குபேரதாசருக்கே விற்றார். இப்படிக் கைமாறிக் கைமாறி, கொள்ளு தின்னாமலே அந்தக் குதிரைகள் கொழுத்தன. கடைசியில் பார்த்தால், அப்படியொரு கப்பல் எந்தத் துறையிலிருந்தும் கிளம்பவேயில்லை.

சேதி வந்த அன்றே கடைவீதி படுத்துவிட்டது. நஷ்டத்தை ஈடுகட்டச் சொல்லி வணிகர்கள் கூட்டமாகப் போய் மன்னர் கோப்பெருநம்பியின் காலில் விழுந்தார்கள். பொக்கிஷத்தைத் துடைத்துப் பார்த்தும் ஒன்றும் தேறவில்லை. ஏனென்றால் மன்னரும் இரண்டு குதிரை வாங்கியிருந்தார். களஞ்சியத்தில் மட்டும் நெல் இருந்தது. அது ஏரிக்கரை கட்டிய மண்வேலைக் குடும்பங்களுக்கு அளக்க வேண்டிய கூலி.

மந்திரி சேனைநாதர் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். நெல் முழுவதையும் குபேரதாசருக்குக் கொடுத்துவிடலாம். அவர் வீடு நிறைந்தால் தானாக வழியும். வழிவது கரைவேலைக்காரர் வாசலுக்கு எப்படியும் வந்து சேரும். கேட்பதற்கு இதமாக இருந்ததால் மன்னர் தலையாட்டிவிட்டார். மறுநாள் ஏகாதசி, முழுப்பட்டினி. அதனால் துவாதசிச் சாப்பாடு முடிந்ததும் ஓலையில் முத்திரை வைப்பதாக முடிவாயிற்று.

மன்னரின் கருணையைப் பாட வேண்டிய முறை அன்று அரசவைப் புலவர் வஞ்சிக்கொடிக்கு. தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டாள். தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை. வாயைத் திறந்தால் பாட்டுக்குப் பதில் வேறு ஏதாவது வந்துவிடும் என்று அவளுக்கே பயமாக இருந்தது.

கோட்டை வாசலில் காத்தாயி நின்றாள். கரைவேலைக் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. நெல் எப்போது அளப்பார்கள் என்று கேட்டாள். வஞ்சிக்கொடி மந்திரியின் திட்டத்தை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"வழியிற வரைக்கும் புள்ளைங்க வாயை என்ன தாயி பண்றது? தைச்சு வச்சிரவா?" என்றாள் காத்தாயி.

மறுநாள் வஞ்சிக்கொடி மன்னரிடம் போய், துவாதசிப் பந்தியில் பரிமாறும் புண்ணியம் தனக்கு வேண்டும் என்று கேட்டாள். சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்த மன்னர், சோறு என்று யார் சொன்னாலும் சரி என்கிற நிலையில் இருந்தார்.

துவாதசி விடிந்தது. மன்னருக்கு வலப்பக்கம் குபேரதாசர், இடப்பக்கம் மந்திரி. வழக்கப்படி முதல் சோறு மன்னர் இலையில் விழ வேண்டும். வஞ்சிக்கொடி கூடையோடு வந்தாள், மன்னரைத் தாண்டினாள், குபேரதாசர் இலையில் ஒரே கவிழ்ப்பாகக் கவிழ்த்தாள். அடுத்த கூடையும் அங்கேயே. அதன்மேல் பருப்பு, நெய், அகத்திக்கீரை, குழம்பு. உச்சியில் வடைகளை அடுக்கினாள்.

மன்னர் தம் இலையைப் பார்த்தார். தெளித்த தண்ணீர் மட்டும் பளபளத்தது.

"வஞ்சி, இங்கே?"

"வழியும் மகாராஜா. மந்திரியார் திட்டப்படிதான் பரிமாறுகிறேன்."

மந்திரி முறைத்தார். குபேரதாசருக்கு எதுவும் காதில் விழவில்லை. வலக்கை அள்ளிக்கொண்டிருக்க, இடக்கையை அணைபோல வளைத்து மலைக்குக் காவல் போட்டிருந்தார். யாரும் உரிமை கொண்டாடக் கூடாதென்று எல்லா வடையிலும் முன்கூட்டியே ஒரு கடி கடித்து வைத்தார். குழம்பு இலை ஓரத்தை எட்டியதும் மன்னர் ஆவலோடு முன்னால் சாய்ந்தார்.

"ஐயோ, வீணாப் போகுதே. இன்னொரு இலை போடுங்க," என்றார் குபேரதாசர்.

போட்டார்கள். குழம்பு அதில் போய்ச் சுகமாகத் தங்கிவிட்டது.

மன்னரின் வயிறு பந்தி முழுக்கக் கேட்கும்படி உறுமியது. இந்நேரம் லாயத்தில் கழுதைகூடச் சாப்பிட்டு முடித்திருக்கும் என்று முனகினார். வழியும், வழியும் என்று வஞ்சிக்கொடி விசிறிக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் வழிந்தது. குபேரதாசர் அடிவாரத்தில் ஆழமாகக் கைவிட்டதில் சிகரம் சரிந்து, ஒரு வடை உருண்டு உருண்டு மன்னர் இலையில் வந்து விழுந்தது. மன்னர் வடையைப் பாய்ந்து எடுத்தார். மந்திரி பாய்ந்து மன்னர் கையைப் பிடித்தார்.

"வேண்டாம் மகாராஜா, எச்சில். அவர் தின்ற இலையிலிருந்து வழிந்தது. அதை மனுஷன் தின்னலாமா?"

வஞ்சிக்கொடி விசிறியைக் கீழே வைத்தாள்.

"அப்படியானால் மந்திரியாரே, காத்தாயி வீட்டுப் பிள்ளைகளுக்கு எதைத் தருவதாகச் சொன்னீர்கள்? அதுவும் அவர்களைப் பெற்றவர்கள் மண் சுமந்த கூலியிலிருந்து?"

மந்திரி பிடித்திருந்த மன்னர் கையை மெல்ல விட்டார்.

மன்னர் கையிலிருந்த வடையைப் பார்த்தார். ஒருநாள் பட்டினிக்கே தமக்குக் கண் இருட்டியதை நினைத்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வெறும் வயிற்றில் சிரித்த சிரிப்பு, இடுப்பைப் பிடித்துக்கொண்டும் அடங்கவில்லை. வடையைத் தம் இலையிலேயே வைத்துவிட்டு எழுந்தார். களஞ்சியத்தைத் திறந்து, கரைவேலைக் குடும்பங்களுக்குக் கூலியை அளந்து முடித்த பிறகுதான் தமக்குச் சோறு என்றார். குதிரை நஷ்டம் குதிரை வாங்கியவர்களோடு போகட்டும், தம்முடைய இரண்டையும் சேர்த்து. கழுத்து முத்துமாலையைக் கழற்றி வஞ்சிக்கொடிக்குப் போட்டார்.

மன்னர் எழுந்தால் பந்தியே எழ வேண்டும். எல்லாரும் எழுந்தார்கள். குபேரதாசர் மட்டும் உட்கார்ந்தபடியே மன்னரின் இலைப் பக்கம் மெல்லக் கையை நீட்டினார்.

"யாருக்கும் வேண்டாம்னா, அந்த வடை…"