இரண்டு கோலன்களுக்கு நடுவே

"அலுத்துப்போச்சு டீச்சர்" என்றார் இசக்கியப்பன்.

தமீமா அப்போதுதான் உள்ளே வந்திருந்தாள். தோளில் மாட்டிய பையைக்கூட இன்னும் இறக்கவில்லை.

"என்ன அலுத்துப்போச்சு?"

அவர் திரையைக் காட்டினார்.

புற்றுநோய் ஆஸ்பத்திரி ஒன்றின் கணினி அறை அது. இசக்கியப்பன் வெகுகாலம் அங்கே ஸ்டோரில் இருந்தவர். ஐம்பதைத் தாண்டியபின் இந்த அறைக்கு மாற்றினார்கள். எனக்கு இது தெரியாது என்று சொல்லிப் பார்த்தார். யார் கேட்டார்கள்?

செவ்வாய்க்கிழமைகளில் வெளியிலிருந்து வந்து இயந்திரங்களைப் பார்த்துவிட்டுப் போகும் தமீமாதான் அவருக்குக் கற்றுக்கொடுத்தாள். வயதில் அவருக்கு மகள் மாதிரி. முன்பு பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவள் என்பதால் எல்லாருக்கும் டீச்சர். அவளுக்கு அவர் அண்ணாச்சி.

திரையில் நீளமாக ஒரு வரி ஓடிக்கிடந்தது. பாத் என்பார்கள். புரோகிராமின் பெயரை அடித்தால் அதை எந்தெந்த இடத்தில் தேட வேண்டும் என்று கணினிக்குச் சொல்கிற வரி. இடங்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவே ஒரு கோலன், மேலும் கீழுமாய் இரண்டு புள்ளி. கணினி முதல் இடத்தில் தேடும். அங்கே இல்லையென்றால் அடுத்தது. எங்கே முதலில் கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும்.

"ஒரே எடத்த நாலு தடவ எழுதி வச்சிருக்கான் டீச்சர். வந்தவன் போனவன் எல்லாம் ஆளுக்கு ஒண்ணு சேத்துட்டுப் போயிருக்கான். முன்னாடி என்ன இருக்குன்னு ஒருத்தனும் பாக்கல."

"அதனால ஏதும் ஓடாம நிக்குதா?"

"இல்ல."

"யாராவது குறை சொன்னாங்களா?"

"இல்ல. எனக்குத்தான். அதப் பாத்தாலே ஒரு அசதி வருது."

தமீமா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"வீட்டுக்குப் போயித் தூங்குங்க அண்ணாச்சி."

அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. வழி கேட்டால் தூங்கு என்கிறாளே. அவள் தன் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிப் போனாள். அவர் தூங்கப் போகவில்லை.

அன்று மத்தியானமே சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதினார். வரியை வாசி. ஒரு பெயர் முதல் தடவை வந்தால் விட்டுவிடு. மறுபடி வந்தால் அந்தப் பெயரை அழி.

யாரும் பக்கத்தில் இல்லாமல் அவராக எழுதிய முதல் ஸ்கிரிப்ட் அது. ஓட்டினார். ஓடிற்று. வரி பாதிக்கு மேல் குறைந்துபோயிற்று. யார் கணினிக்குள் நுழைந்தாலும் அது தானாக ஓடும்படி வைத்தார். கொஞ்ச நேரம் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த செவ்வாய் காலையில் கதிர்ப் பிரிவிலிருந்து மெர்லின் வந்தாள். எந்த நோயாளிக்கு எவ்வளவு கதிர் கொடுக்கலாம் என்று கணக்குப் பார்க்கிறவள்.

"சார், தங்கபுஷ்பம் அம்மாவுக்கு டோஸ் தப்பா வருது."

டோஸ் என்பது அந்தக் கணக்கைப் போடும் புரோகிராமின் பெயர். கணினியில் ஒவ்வொரு நோயாளிக்கும் தனி ஃபோல்டர் உண்டு; அதற்குள் நின்றுதான் மெர்லின் அதை ஓட்டுவாள்.

"தப்புன்னா?"

"நான் கையால போட்டுப் பாத்தேன். மெஷின் அதவிடக் கூட்டிக் காட்டுது. கொஞ்ச நஞ்சமில்ல சார். அப்படியே குடுத்தா தாங்க மாட்டாங்க."

"மத்தவங்களுக்கு?"

"சரியா வருது. இவங்களுக்கு மட்டுந்தான் இப்படி."

தங்கபுஷ்பத்துக்கு முன்பே ஒரு கணக்குப் போட்டிருந்தார்கள். உடம்பு ரொம்ப இளைத்துவிட்டதால் அதை மாற்றிப் போட வேண்டியிருந்தது. மெர்லின் கதிர் கொடுப்பதை நிறுத்தி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

இசக்கியப்பன் எழுந்து போய்ப் பார்த்தார். கதிர் அறை வாசலில் பெஞ்சில் அந்த அம்மா சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.

"இன்னும் நேரமாகுமாய்யா?"

"இந்தா ஆச்சும்மா."

"ஒண்ணும் அவசரமில்ல. எந்திரிச்சுப் போயிட்டுத் திரும்பி வரத்தான் தெம்பில்ல. இங்கயே இருக்கேன்."

அவர் திரும்பி வந்து புரோகிராமைத் திறந்தார். கம்பெனிக்காரன் கொடுத்த மூலத்தோடு ஒத்துப் பார்த்தார். ஓர் எழுத்து மாறவில்லை. அந்த அம்மாவின் எடையைப் பார்த்தார், உயரத்தைப் பார்த்தார். எல்லாம் சரி. இயந்திரத்தை அணைத்துப் போட்டார். மறுபடியும் அதே தப்பு.

தமீமா வந்தபோது அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடந்ததையெல்லாம் சொன்னார்.

"எதையாவது மாத்துனீங்களா?"

"பாத்தச் சுத்தம் பண்ணேன்." குரல் இறங்கிவிட்டது. "ஆனா அதுல நான் ஒண்ணுமே சேக்கல டீச்சர். எடுக்கத்தான் செஞ்சேன்."

தமீமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அந்த அம்மா ஃபோல்டருக்குள்ள நின்னு டோஸ ஓட்டுங்க."

ஓட்டினார். தப்பு.

"வெளிய வாங்க. வெளிய நின்னு அதே கணக்க ஓட்டுங்க."

சரியாக வந்தது.

"உள்ள போங்க."

தப்பு.

"வேற ஆள் ஃபோல்டர்ல நின்னு இவங்க கணக்க ஓட்டுங்க."

சரி.

"என்ன மாறுச்சு அண்ணாச்சி?"

"கணக்கு மாறல." அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நான் நிக்கிற எடந்தான் மாறுச்சு."

"உள்ள நின்னு, எந்த டோஸ் ஓடுதுன்னு அதுகிட்டயே கேளுங்க."

கேட்டார். புரோகிராம்களை வைத்திருக்கும் இடத்தை அது சொல்லவில்லை. தங்கபுஷ்பத்தின் ஃபோல்டரைச் சொன்னது.

பின்னால் நின்ற மெர்லின் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அது நான் போட்டது சார். சோதிச்சுப் பாக்குறதுக்காக டோஸோட நகல் ஒண்ண எடுத்து, உள்ள எண்ண மாத்தி அங்க வச்சேன். எடுக்க மறந்துட்டேன். ஆனா இத்தன நாளா அது பாட்டுக்குக் கெடந்துச்சே. நானா அதத் தனியாக் கூப்பிடாம ஒரு தடவகூட அது ஓடுனதில்லயே."

அந்த நகலை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினார்கள். அவள் கையால் போட்ட கணக்கும் இதுவும் ஒத்துப்போயின. மெர்லின் வேகமாக வெளியே போனாள்.

கண்ணாடி வழியே இசக்கியப்பன் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கபுஷ்பம் மெர்லினின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். பிறகு மெல்ல உள்ளே நடந்து போனாள். கதவு சாத்திக்கொண்டது.

அவர் பொத்தென்று உட்கார்ந்தார்.

"என்னைய மறுபடி ஸ்டோருக்கே அனுப்பச் சொல்லீருங்க டீச்சர். எனக்கு இது ஆகாது."

"சொல்லலாம். அதுக்கு முன்னாடி ஒண்ணு. நகல் அங்க கெடந்தா கெடக்கட்டும். கணினி ஏன் அங்க போயித் தேடிச்சு?"

"அதான் எனக்கும் புரியல. நோயாளிங்க ஃபோல்டர்ல தேடுன்னு அந்த வரியில எங்கயுமே கெடையாதே."

"வாசிங்க."

இசக்கியப்பன் திரையின் மேல் விரலை வைத்து வாசித்தார். ஓர் இடத்தின் பெயர். கோலன். இன்னோர் இடத்தின் பெயர். கோலன். கோலன். புரோகிராம்களின் இடம்.

"நிறுத்துங்க. அந்த ரெண்டு கோலனுக்கு நடுவுல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. அங்க இருந்த பேரத்தான அழிச்சேன்."

"பேரோட சேத்து கோலனையும் எடுத்தீங்களா?"

"இல்ல."

"அப்ப அது இன்னும் ஒரு எடந்தான். ஒண்ணுமில்லன்னு வாசிக்க அதுக்குத் தெரியாது அண்ணாச்சி."

"பெறவு எப்படித்தான் வாசிக்கும்?"

தமீமா குனிந்து, அவர் கால் பதிந்திருந்த தரையை விரலால் தொட்டுக் காட்டினாள்.

அவர் தன் காலைப் பார்த்தார்.

"நான் எங்க நின்னாலும் 'இங்கன'ன்னு வாசிக்கும்" என்றார்.