மாடிக்குப் போகிறவள்

பேய்ப் படத்துக்கென்று ஒரு சம்பிரதாயம் உண்டு. கரெண்ட் போகும், நாய் ஊளையிடும், மாடியில் ஏதோ உருளும். வாசல் கதவு அகலத் திறந்து கிடக்க, பங்களாவில் ஒண்டியாக இருக்கிற அம்மாள் மெழுகுவர்த்தியோடு மாடி ஏறுவாள். நாமாக இருந்தால் தலைதெறிக்க ஓடியிருப்போம். அவளோ "யாரு?" என்று வேறு கேட்பாள்.

அந்த "யாரு?"தான் செல்லக்கனிக்கு வரவில்லை.

ஐம்பதைத் தாண்டி டப்பிங் பழக வந்தவள். கற்றுக்கொடுக்கும் பிரபாவதி வயதில் சின்னவள்தான். ஆனாலும் வாய் நிறைய "டீச்சர்" என்பாள். அப்படியொரு அம்மாளுக்குக் குரல் கொடுப்பதுதான் முதல் வாய்ப்பு. காலையிலிருந்து பேசிப் பார்க்கிறாள்.

"விருந்தாளி வந்த மாதிரியில்ல கேக்குறாங்க," என்று டைரக்டர் சலித்துக்கொண்டார். "இன்னும் ஒரு தடவை பாப்போம். இல்லேன்னா வேற ஆளை வெச்சுக்கலாம்."

செல்லக்கனிக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"பயமே வரமாட்டேங்குது டீச்சர். அவர் போனதுல இருந்து வீட்டுல நான் மட்டும்தானே. கதவு பக்கம் சத்தம் கேட்டா, யாரோ வந்திருக்காங்கன்னு சந்தோஷமா ஓடுவேன். பாதி நாள் பூனைதான்."

பிரபாவதி கண்ணாடி அறையை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

"அது கிடக்கட்டும். வாசக்கதவு தெறந்துதானே இருக்கு? இவ ஏன் மாடிக்குப் போறா?" என்று கேட்டாள் செல்லக்கனி.

"பேசிட்டு வாங்கக்கா, சொல்றேன்."

செல்லக்கனி கண்ணாடி அறைக்குள் போய் ஹெட்போனை மாட்டினாள். பேசி முடித்ததும் அதில் டீச்சர் குரல் வரும். ஓகே என்பாள், இல்லாவிட்டால் இன்னொரு தடவை என்பாள். எதுவானாலும் ஒரு குரல்.

வெளியே பிரபாவதி விளக்கை அணைத்தாள். ஹெட்போனுக்குப் பேசும் தன் மைக்கையும் அணைத்தாள்.

திரையில் அந்த அம்மாள் படியில் கால் வைத்தாள்.

"யாரு?"

ஹெட்போனில் ஒன்றும் வரவில்லை. கண்ணாடிக்கு அப்பால் இருட்டு.

"டீச்சர்? இருக்கீங்களா?"

பதில் இல்லை. அதே காட்சி திரும்ப ஓடியது.

"யாரு?"

குரல் தொண்டையிலேயே உடைந்தது.

விளக்கு எரிந்தது. டைரக்டர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி செல்லக்கனி வெளியே வந்தாள். வாய்ப்பு நிலைத்த சந்தோஷத்தைவிட மனத்தாங்கல்தான் அதிகமாக இருந்தது.

"ஒரு வார்த்தை பதில் சொல்லியிருக்கலாமே டீச்சர். பேய்க்கு ஒண்ணும் நான் பயப்படல. யாருமே இல்லையோன்னு பதறிட்டேன்."

பிரபாவதி அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"அவளும் அதுக்குத்தான்க்கா மாடிக்குப் போறா."