கருப்புத்தாள் வைக்காத கவர்

அட்டவணையின் கடைசி வரியைச் சுற்றிப் பேராசிரியர் ஹெப்சிபா பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். தாளை மகுடபதியின் பக்கம் திருப்பி வைத்தார்.

மகுடபதிக்கு ஐம்பத்தொரு வயது. இருபது வருஷத்துக்கு மேல் ஆரம்ப சுகாதார நிலையங்களில் டாக்டராக வேலை பார்த்துவிட்டு, ஆராய்ச்சிப் பட்டத்துக்காக விடுப்பு எடுத்துப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர். அவருடைய ஆய்வுக்கு வழிகாட்டும் ஹெப்சிபா அவரைவிட எட்டு வயது இளையவர். அவர் இவரை சார் என்பார், இவர் அவரை மேடம் என்பார். துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதில் யார் யாரிடம் படிக்கிறார் என்பது பிடிபடவே ஒரு வாரம் ஆகும்.

ஆய்வு ரத்தசோகை உள்ள கர்ப்பிணிகளைப் பற்றியது. வழக்கமாகக் கொடுப்பது இரும்புச்சத்து மாத்திரை. புதிதாக வந்திருந்தது ஒரே தடவையில் நரம்பில் ஏற்றிவிடும் ஊசிமருந்து. எது நல்லது என்று நான்கு சுகாதார நிலையங்களில் பார்த்தார்கள். யாருக்கு எது என்பதை டாக்டரும் தீர்மானிக்கக் கூடாது, நர்ஸும் தீர்மானிக்கக் கூடாது. அதற்காக முன்னமே குலுக்கிப் போட்டு, எண் எழுதி ஒட்டிய உறைகள் இருந்தன. அடுத்து வருகிற பெண்ணின் பெயரை அடுத்த உறையின்மேல் எழுத வேண்டும். எழுதிய பிறகே பிரிக்க வேண்டும். உள்ளே ஒரு சீட்டு இருக்கும். ஊசி என்றோ மாத்திரை என்றோ அதில் எழுதியிருக்கும்.

ரத்த அளவு, அதாவது ஹீமோகுளோபின், ஏழுக்குக் கீழே போனவர்களைச் சேர்ப்பதில்லை. அவர்களை நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள்.

இதுவரை சேர்ந்தவர்களை வைத்துப் பார்த்ததில், மூன்று நிலையங்களில் ஊசி நன்றாக வேலை செய்திருந்தது. நான்காவதில் ஒரு வித்தியாசமும் இல்லை. நான்கையும் கூட்டிப் பார்த்தால் ஊசியும் ஒன்றுதான், மாத்திரையும் ஒன்றுதான் என்று கணக்கு வந்தது. அடுத்த மாதம் சுகாதாரத் துறையில் கூட்டம். மாவட்டம் முழுவதும் ஊசி கொடுப்பதா வேண்டாமா என்பதை இந்த ஆய்வை வைத்துத்தான் முடிவு செய்ய இருந்தார்கள்.

பென்சில் வட்டம் நான்காவது நிலையத்தின்மேல் இருந்தது. மருந்து கொடுப்பதற்கு முன்பே அங்கே ஊசிப் பக்கத்துப் பெண்களின் ரத்தம் சராசரி ஏழு புள்ளி மூன்று. மாத்திரைப் பக்கத்துப் பெண்களுக்கு எட்டு புள்ளி ஒன்பது.

"குலுக்கினா இப்படி விழுமா சார்?"

"எப்பவாவது விழலாம் மேடம்."

"விழலாம். போய்ப் பாத்துட்டு வாங்க."

அந்த நான்காவது நிலையம் மகுடபதி பதினோரு வருஷம் இருந்த இடம். வாசலில் நிற்கிற வேப்பமரம்கூட அவர் வைத்ததுதான். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் வருகிற நாள். சொல்லாமல் கொள்ளாமல் போய் மருந்து அறைக் கதவோரம் நின்றார்.

நர்ஸ் பேச்சித்தாய் மேஜைக்குப் பின்னால் இருந்தாள். எதிரே பெஞ்சில் நாலு பெண்கள். முதலில் இருந்தவள் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தாள். பேச்சித்தாய் அவளுடைய கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். நகத்தை அழுத்திப் பார்த்தாள். பிறகு அடுத்த உறையை எடுத்து, முகத்துக்கு நேரே ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பிடித்த வேகத்தில் கீழே வைத்துவிட்டாள்.

"நீ செத்த உக்காரு தாயி. தண்ணி குடிச்சிட்டு வா. ஏய் நீலப் புடவை, நீ முன்னால வா."

நீலப் புடவைக்காரியின் பெயரை எழுதினாள். பிரித்தாள். மாத்திரை. அவள் போனதும் அடுத்த உறை ஜன்னலுக்குப் போய் வந்தது. இந்தத் தடவை பேச்சித்தாயின் முகம் தெளிந்தது. வெளுத்தவளைக் கூப்பிட்டாள்.

மகுடபதிக்குக் காது இரண்டும் சுட்டது. மூன்று வருஷ வேலை. மொத்தம் எழுநூறு பெண்கள். எல்லாரும் போகும்வரை காத்திருந்து உள்ளே போனார். பேச்சித்தாய் எழுந்து கும்பிட்டாள். அவர் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் அவளுக்குப் புரிந்துபோயிற்று. மறைக்கவில்லை.

"பாத்தேன்தான் சார். எழுத்து தெரியுது. தெரிஞ்ச பெறவு அந்தப் பிள்ளைய எப்படி சார் மாத்திரையக் குடுத்து அனுப்ப?"

அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். மோசமானவர்களை எல்லாம் அவள் ஊசிப் பக்கம் சேர்த்துவிட்டாள். அடிமட்டத்தில் தொடங்கியவர்கள் எவ்வளவுதான் ஏறி வந்தாலும், பாதி உயரத்தில் தொடங்கியவர்களுக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்க முடியும். பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒரே உயரம். ஊசியால் பிரயோஜனம் இல்லை என்று நாளைக்கு எழுதிவிடுவார்கள். மாவட்டத்தில் ஒருத்திக்கும் கிடைக்காது.

அவள் மேஜைமேல் கிடந்த உறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப இனி வர்ற பிள்ளைகளுக்கு ஊசி கிடையாதா சார்?"

மகுடபதி வெளியே வந்தார். பஸ்ஸில் உட்கார்ந்தே புகாரின் முதல் வரியை மனசுக்குள் எழுத ஆரம்பித்துவிட்டார். ஊர் போய்ச் சேர்ந்ததும் ஹெப்சிபாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றைத் தவிர.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு அவர் துறைக்கு வந்தபோது புகார் இரண்டு பக்கத்துக்கு வளர்ந்திருந்தது. ஆய்வை வேண்டுமென்றே கெடுத்த நர்ஸைப் பணியிடை நீக்கம் செய்ய வேண்டும் என்று முடிந்திருந்தது. ஹெப்சிபா நின்றுகொண்டே அதைப் படித்தார். வகுப்புக்கு நேரமாகிவிட்டது, கையில் சாக்பீஸ் டப்பா இருந்தது.

நீங்கள் போனில் சொன்னதும் நேற்றே ஆய்வுக் குழுவைக் கூட்டிவிட்டேன் என்றார். இரண்டு வழிதான் இருந்தது. ஒன்று, நான்காவது நிலையத்தைக் கழித்துவிட்டு மற்ற மூன்றோடு ஆய்வை முடிப்பது. இல்லையென்றால் அந்த நிலையத்தில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவது. குழு முடிவு செய்துவிட்டது.

மகுடபதி மனசுக்குள் கணக்குப் போட்டார். அவருடைய விடுப்பு இன்னும் இரண்டு மாதத்தில் முடிகிறது. மறுபடியும் என்றால் ஒன்றரை வருஷம். டூட்டி பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். பட்டம் எந்தக் காலத்துக்கோ போய்விடும்.

"என்ன முடிவு மேடம்?"

ஹெப்சிபா மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளை உறையை எடுத்தார். நன்றாக ஒட்டியிருந்தது. அதை அவர் கையில் கொடுத்தார்.

"இதுக்குள்ள இருக்கு. மூணு மணிக்கு வந்துருவேன். ரெண்டு பேருமா பிரிப்போம். உங்க புகாரையும் அப்பவே பாத்துக்கலாம்."

போய்விட்டார்.

அறையில் ஒரு மேஜை, மூன்று நாற்காலி, மேற்குப் பார்த்த ஒரு ஜன்னல். மகுடபதி உறையை மேஜைமேல் வைத்தார். செய்தித்தாளை எடுத்து முதல் பக்கத்தைப் படித்தார். படித்ததையே மறுபடியும் படித்தார். உறையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பிறகு நிமிர்த்தி வைத்தார்.

பன்னிரண்டரைக்குத் துறை உதவியாளர் அந்தோணி டீ கொண்டுவந்தார்.

"என்ன டாக்டர் சார், பிரசவ வார்டு வாசல்ல நிக்குற மாப்பிள்ளை மாதிரி இருக்கீக?"

மகுடபதி சிரிக்க முயன்றார். டீ ஆறியது.

ஒரு மணி ஆயிற்று. சாப்பிடப் போகலாம் என்று எழுந்தார். உறையை அறையில் விட்டுவிட்டுப் போகலாமா, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகலாமா என்று யோசித்து, இரண்டும் சரியாகத் தோன்றாமல் மறுபடியும் உட்கார்ந்தார். இரண்டு மணிக்கு வெயில் ஜன்னல் வழியாக உள்ளே இறங்கியது. முதலில் தரையில் விழுந்து, பிறகு நாற்காலிக் காலில் ஏறியது.

இரண்டேகாலுக்கு எழுந்து ஜன்னல் பக்கம் போனார். காற்று வாங்கத்தான் போனார். உறை எப்படியோ கையில் இருந்தது.

வெயிலில் அது பூவரச இலை மாதிரி நரம்பு நரம்பாகத் தெரிந்தது. உள்ளே மடித்த தாள். தாளில் ஒரே ஒரு வரி. தலைகீழாகத் தெரிந்ததைத் திருப்பிப் பிடித்தார். 'மறுபடியும் முதலிலிருந்து.'

கையை இறக்கியபோது உறையின் மூலையைப் பார்த்தார். சின்னதாக 212 என்று எழுதியிருந்தது. அவருடைய கையெழுத்து. நான்காவது நிலையத்துக்காக அவர் எண் எழுதிய உறைகளில் ஒட்டாமல் மிஞ்சியது.

 பிறகு அவசரமாக மேஜைக்கு வந்து, வெள்ளைத்தாளை எடுத்துக் குழுத் தலைவருக்கு எழுத ஆரம்பித்தார். விடுப்பு முடியப் போவதை எழுதினார். தன் வயதை எழுதினார். மூன்று நிலையங்களே போதும் என்பதற்கு ஐந்து காரணங்களை எழுதினார். ஐந்தும் நல்ல காரணங்கள். மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கையெழுத்துப் போட்டார்.

ஹெப்சிபா கையில் சாக்பீஸ் தூளோடு வந்து உட்கார்ந்தார். மேஜை நடுவில் உறை அப்படியே இருந்தது. ஒட்டியது ஒட்டியபடி.

"பிரிக்கலாமா சார்?"

"அதுக்கு முன்னால மேடம், ஒரு வேண்டுகோள்." கடிதத்தை நீட்டினார்.

அவர் அதை நிதானமாக, கடைசி வரிவரை படித்தார். மறுபடியும் தொடங்கச் சொல்லும் முடிவை மாற்றிக்கொள்ளுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன் என்று அது முடிந்திருந்தது.

ஹெப்சிபா கடிதத்தை மடித்தார். உறையைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

"கவர் இன்னும் பிரிக்கலையே சார்."

 வெளியே காரிடாரில் மாணவர்கள் சத்தம் போட்டுக்கொண்டு போனார்கள். மகுடபதி எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"எழுத்து தெரிஞ்சுது மேடம். தெரிஞ்ச பிறகு எப்படி சும்மா…"

நிறுத்திவிட்டார். அந்த வார்த்தைகள் அவருடையவை அல்ல. செவ்வாய்க்கிழமை மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டவை.

ஹெப்சிபா புகாரை எடுத்துக் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தார். ஓரங்களைச் சரிசெய்தார்.

"ரெண்டுல எதை முதல்ல அனுப்பட்டும் சார்?"

அவர் கையை நீட்டி இரண்டையும் எடுத்துக்கொண்டார். எடுத்ததை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு போனில் சொல்லாமல் விட்டதைச் சொன்னார். முதல் மூன்று நிலையங்களுக்கு, எழுத்து வெளியே தெரியாமல் இருக்க, விதிப்படி ஒவ்வொரு உறைக்குள்ளும் கருப்புத்தாள் வைத்தார். நான்காவதற்கு ஒட்டும்போது கருப்புத்தாள் தீர்ந்துபோயிற்று. கடைத்தெருவுக்குப் போனால் அரை மணி நேரத்தில் வாங்கியிருக்கலாம். போகவில்லை.

"அங்க எல்லாரும் என் ஆளுக மேடம். பதினோரு வருஷம் கூட வேலை பாத்தவங்க. பேச்சித்தாயைப் போல ஒரு நர்ஸ் கிடையாது. அவங்களுக்கு எதுக்குக் கருப்புத்தாள்னு நினைச்சேன்."

ஹெப்சிபா கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டினார்.

"அவங்க பாத்தப்ப முன்னால ஒரு கர்ப்பிணிப் பிள்ளை நின்னுச்சு," என்றார் மகுடபதி. "என் முன்னால யாரும் நிக்கலை. நான் மட்டும்தான் இருந்தேன்."

வெயில் மேஜைமேல் ஏறி உறையைத் தொட்டது. உள்ளே இருந்த வரி லேசாகத் தெரிந்தது. இருவருமே அதைப் பார்த்தார்கள். அதைப் பிரிக்க வேண்டிய வேலை இனி இல்லை.

சுகாதாரத் துறைக் கூட்டத்தைத் தள்ளிவைக்கச் சொல்லி அன்றைக்கே எழுதிவிடலாம் என்று ஹெப்சிபா சொன்னார். ஏன் தள்ளிவைக்க வேண்டும் என்பதை மகுடபதி தன் கைப்பட எழுதித் தர வேண்டும் என்றார். கருப்புத்தாள் உட்பட. மகுடபதி தலையசைத்தார். அங்கேயே உட்கார்ந்து எழுதினார். இந்தத் தடவை அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது.

எழுந்து வாசல்வரை போனவர் திரும்பி நின்றார்.

"பேச்சித்தாயை என்ன செய்யட்டும் மேடம்? வேற நர்ஸைப் போட்டுரலாமா?"

ஹெப்சிபா இழுப்பறையிலிருந்து ஒரு கட்டுக் கருப்புத்தாளை எடுத்து மேஜையின் இந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"வேண்டாம் சார். புதுக் கவர் ஒட்டினதும் முதல்ல அவங்க கையில குடுங்க. செவ்வாய்க்கிழமையாப் பாத்து, எதிரே ஒரு பிள்ளை வெளுத்துப்போய் நிக்கும்போது, ஜன்னல் பக்கத்துல வச்சுக் குடுங்க. அவங்களுக்கே தெரியலைன்னாத்தான் அது கவர்."