பசியில்லாத மீன்

நோர்வேயின் வடக்கு முனையில், மரங்கள் இடுப்பளவுக்கு மேல் வளராத மலைகளுக்கு நடுவே ஓர் ஆறு ஓடுகிறது. பாதை முடிகிற இடத்தில் காரை விட்டுவிட்டு, சேற்று நிலத்தில் அரைநாள் நடந்தால்தான் மீன் தங்கும் அதன் ஆழமான மடுக்களுக்குப் போகலாம். வாயைத் திறந்தால் நுளம்புக் கூட்டம் உள்ளே பறக்கும். காலை வைத்தால் உருகிய பனி. அந்த ஆற்றில் மரியநாயகத்துக்கு அன்று கடைசி நாள்.

அவர் வேலை செய்த மீன் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். வீட்டுச் சாமான்கள் பெட்டிகளில் ஏறிவிட்டன. மறுநாள் தெற்கே, மகளுடைய நகரத்துக்குப் பயணம். பிறந்த ஊரான குருநகரின் கடலில் வளர்ந்தவர், இத்தனை கோடைகளில் இந்த ஆற்றில் ஒரு சால்மனைக்கூடக் கரை சேர்த்ததில்லை. அந்தக் குறையோடு போக அவருக்கு மனமில்லை.

ஆற்றை அவருக்குப் பழக்கியவர் கனகாம்பிகை ரீச்சர். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். இங்கே தொழிற்சாலையில் மரியநாயகத்துக்குப் பக்கத்தில் நின்று கொட் மீன் வெட்டினார். அசல் சைவம். மீனை வாயில் வைத்ததில்லை. லீவு நாள் வந்தால் தூண்டிலோடு ஆற்றில் நிற்பார். பிடித்ததை மரியநாயகத்தின் வீட்டுக் குசினியில் வைத்துவிட்டுப் போவார்.

“தின்னாத ஆளுக்குத்தான் இது வருது,” என்பார் மரியநாயகம்.

“தின்னுற ஆளின்ரை கை சும்மா இராதே,” என்பார் ரீச்சர்.

கைதான் சிக்கல். கடலில் கைத்தூண்டில் போட்ட கை அது. தங்கூசி நூல் விரலில் துடித்தால் வெட்டி இழுத்துவிடும். பிந்தினால் இரை போய்விடும் என்பது அங்கே பாடம். சால்மன் வேறு மாதிரி. இறகு கட்டிய பொய்ப்பூச்சியை வாயில் எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பும். திரும்பினால்தான் கொக்கி கடைவாயில் ஏறும். அதுவரை மனிதன் ஒன்றும் செய்யக்கூடாது. மரியநாயகம் செய்துவிடுவார்.

ஒரு கோடையில் ரீச்சர் ஜெபம் சொல்லச் சொன்னார். துடித்த உடனே ஒரு ‘அருள் நிறைந்த மரியே’. அது முடிந்தபிறகு தூக்கவேண்டும். மீன் துடித்தது. ஜெபம் முடிந்தது. மீன் இல்லை.

“பஸ்ஸுக்கு ஓடுற மாதிரிச் சொன்னால் மாதாவுக்கே விளங்காது,” என்றார் ரீச்சர்.

அன்று காலையிலும் ஒன்று தொட்டது. இழுத்தார். பொய்ப்பூச்சி வெறுமனே பறந்துவந்து அவர் தொப்பியில் கொளுவியது.

மரியநாயகம் கரைக்கு வந்து தூண்டிலைப் புல்லில் போட்டார்.

“விடுங்கோ ரீச்சர். மனிசி அங்கை கறித்தூள் வறுத்து வைச்சுக்கொண்டு இருக்கிறா. ஒவ்வொரு வரியமும் அந்தத் தூளிலை மரக்கறிதான் வேகுது.”

ரீச்சர் தொப்பியிலிருந்து கொக்கியைக் கழற்றினார். பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி வார்த்துக் கொடுத்தார்.

“சின்னனிலை கடற்கரையிலை நிண்டால் உம்மை ஆர் வந்து கூப்பிடுறது?”

“அம்மாதான்.”

“எப்பிடிக் கூப்பிடுவா?”

மரியநாயகம் சுற்றிப் பார்த்தார். அக்கரையில் கலைமான்கள் சில மேய்ந்துகொண்டிருந்தன. வேறு ஒருவரும் இல்லை. அம்மா இறந்த செய்தி அவருக்கு இந்த வடக்கில்தான் கிடைத்தது. ஊருக்குப் போக முடியாத போர்க் காலம். அதன்பிறகு அந்தக் குரலை அவர் ஒருவருக்கும் செய்து காட்டியதில்லை.

கையை வாயருகே குவித்தார்.

“நா...யகம்... சோறு ஆறுது... வா மோ...னை...”

கலைமான்கள் தலையைத் தூக்கின. ரீச்சர் சிரிக்கவில்லை.

“அவ்வளவு நேரம்தான். துடிச்ச உடனே அவ கூப்பிடட்டும். கூப்பிட்டு முடியட்டும். போம்.”

மரியநாயகம் மறுபடி தண்ணீருக்குள் இறங்கினார். வீசினார். இரண்டு எட்டு கீழே நகர்ந்தார். மறுபடி வீசினார். கால் விறைத்தது. மடுவின் வால்பக்கம், பெரிய கல்லுக்குப் பின்னால், தங்கூசி துடித்தது.

அம்மா கூப்பிட்டாள்.

அவருடைய தலை தானாகக் கரைப்பக்கம் திரும்பியது. கரையில் ரீச்சர் மட்டும் இருந்தார். கை தூண்டிலில் இருப்பதே மரியநாயகத்துக்கு மறந்துபோயிற்று. மோனை என்ற சொல் முடியுமுன் தூண்டில் தானாக வளைந்தது. நூல் சுற்றிய சக்கரம் அலறியது.

பிறகு நடந்ததெல்லாம் கல்லும் தண்ணீரும் ஓட்டமும்தான். இருமுறை விழுந்தார். ஆழமற்ற இடத்துக்கு மீன் பக்கவாட்டில் சரிந்து வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. குழந்தையின் நீளம். வெள்ளியில் இலேசான செம்பு. வயிறு பருத்திருந்தது.

“சினை,” என்றார் மரியநாயகம்.

அந்த ஆற்றின் சட்டம் இருவருக்கும் தெரியும். சினை மீனைத் திருப்பி விடவேண்டும். அரைநாள் தொலைவுக்கு ஒரு காவலரும் இல்லை என்பதும் இருவருக்கும் தெரியும்.

மரியநாயகம் கொக்கியைக் கழற்றினார். மீனின் தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து, வயிற்றைக் கையில் தாங்கிக்கொண்டு முழங்காலில் நின்றார். செவுள் திறந்து மூடியது. கைக்குள் பலம் திரும்பி வருவது தெரிந்தது. பிறகு கை வெறுமையாயிற்று.

அவர் எழுந்துவர வெகுநேரம் ஆயிற்று.

“ரீச்சர், ஆத்துக்குள்ளை வந்தால் இது ஒண்டும் தின்னாதெண்டு நீங்கள்தானே சொன்னியள்?”

“ஓம். கடலோடை சாப்பாடு முடிஞ்சுது. பிறந்த இடத்துக்குப் போய்ச் சேருமட்டும் பட்டினிதான்.”

“பசியும் இல்லையோ?”

“இல்லை. குடலே சுருங்கிப் போகும்.”

“பசியில்லாதது ஏன் ரீச்சர் இந்த இறகைக் கவ்வினது?”

ரீச்சர் பிளாஸ்கை மூடிப் பைக்குள் வைத்தார்.

“அம்மா கூப்பிடேக்கை கரையைத் திரும்பிப் பாத்தீரே,” என்றார். “உமக்குப் பசிச்சதோ?”