ஸ்டியரிங் ஆட்டம்

என் குருவுக்கு என்னைவிட ஒன்பது வயசு கம்மி. பேரு கோகிலவாணி. உடுமலையில தாராபுரம் ரோட்டுல வீல் அலைன்மென்ட் கடை வெச்சிருந்தாங்க. இருபது வருசம் லாரி ஓட்டி முதுகு போனதுக்கப்புறம் அவங்ககிட்டதான் வேலை கத்துக்கப் போனேன். அவங்க என்னை அண்ணான்னு கூப்பிடுவாங்க, நான் அம்மணின்னு கூப்பிடுவேன். அங்க இருந்த அஞ்சு வருசத்தை நினைச்சா இன்னைக்கும் மனசு நிறைஞ்சு போகுது.

அதுல ஒரு தை மாசம், ரங்கநாயகம் மாஸ்டர் தன்னோட பழைய வெள்ளைக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். முப்பது வருசம் டிரைவிங் ஸ்கூல் நடத்தினவர். ஊர்ல பாதிப்பேர் அவர்கிட்ட கத்துக்கிட்டவங்க. அம்மணியும் அவர்கிட்டதான் கத்துக்கிட்டாங்க.

"ஸ்டியரிங் ஆடுது நாச்சிமுத்து, என்னன்னு பாரு" ன்னார்.

நாலு சக்கரத்தையும் கழட்டி பேலன்ஸ் பண்ணிக் குடுத்தேன். அடுத்த வாரமே திரும்பி வந்துட்டார்.

"அப்படியேதான் ஆடுது."

முன்சக்கரத்தைப் பின்னாடி மாத்திப் போட்டேன். சக்கரத்துல கோளாறு இருந்தா, ஆட்டம் ஸ்டியரிங்கை விட்டு சீட்டுக்கு வந்துரும். நானே பைபாஸ்ல ஓட்டிப் பார்த்தேன். வண்டி வழுக்கிக்கிட்டுப் போச்சு.

மூணாவது தடவை வந்தப்ப கேட்டேன். "எந்த ஸ்பீடுலீங்க ஆடுது?"

"எல்லா ஸ்பீடுலயும்."

எனக்கு எரிச்சலா வந்துச்சு. சக்கரத்து ஆட்டம்னா எண்பதுல ஆரம்பிக்கும், நூறைத் தாண்டினா குறையும். எல்லா ஸ்பீடுலயும் ஒரே மாதிரி ஆடற சக்கரத்தை நான் கண்டதே இல்ல. மனுசனுக்கு வேற வேலையில்லன்னு வாய்க்குள்ளயே முனகிக்கிட்டேன்.

நாலாவது தடவை மாஸ்டர் வந்தப்ப, அம்மணியே கடைக்குள்ள இருந்து வெளிய வந்தாங்க.

"நீங்க ஓட்டுங்க மாஸ்டர். நான் பக்கத்துல உட்கார்ந்து பார்க்கறேன்."

ரெண்டு பேரும் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போயிட்டு வந்தாங்க. மாஸ்டரை நாற்காலியில உட்கார வெச்சுட்டு, அம்மணி என்னைக் கடைக்குள்ள கூப்பிட்டாங்க. முகமே சரியில்ல.

"வண்டியில ஒண்ணுமில்லீங்கண்ணா. அவர் கைதான் நடுங்குது. சிக்னல்ல நிக்கறப்பவும் நடுங்குது."

"அப்ப சொல்லிருங்க அம்மணி."

அவங்க அவர்கிட்டப் போனாங்க. சொல்லத்தான் போறாங்கன்னு நினைச்சேன்.

"கோளாறு இருக்குதுங்க மாஸ்டர். சின்னதுதான், புடிபட நாளாகும். வண்டி இங்கயே நிக்கட்டும்."

மாஸ்டருக்கு முகம் தொங்கிப் போச்சு. "வெள்ளிக்கிழமையானா ருக்மணியை பொள்ளாச்சிக்குக் கால் வைத்தியத்துக்குக் கூட்டிட்டுப் போகோணுமே. நான் வாடகைக் கார்ல போனா ஊரு சிரிக்காதா?"

"நான் ஓட்டறனுங்க. ஓடினாத்தானே ஆட்டம் தெரியும்? நீங்க பக்கத்துல உட்கார்ந்து, எங்க ஆடுதுன்னு சொல்லுங்க."

காரை ஒருக்கா சுத்தி வந்து பார்த்தார். அப்புறம் சாவியைக் குடுத்தார்.

அவர் போனதும் நான் பிடிபிடின்னு பிடிச்சுக்கிட்டேன். "ஏனுங்க அம்மணி, இப்படிப் புளுகலாமுங்களா? வண்டி ஓட்டாதீங்கன்னு நேராச் சொல்றதுக்கென்ன? நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

"சாவி என்கிட்டத்தானே இருக்குதுங்கண்ணா" ன்னுட்டு வேலையைப் பார்க்கப் போயிட்டாங்க.

வெள்ளிக்கிழமை தவறாம அம்மணி, மாஸ்டரையும் அவர் சம்சாரம் ருக்மணியம்மாவையும் கூட்டிக்கிட்டுப் பொள்ளாச்சிக்குப் போனாங்க. அன்னைக்கெல்லாம் கடையில நான் ஒண்டியா மாரடிக்கணும். கோபம் கோபமா வரும். ஆறாவது வெள்ளிக்கிழமை, "இன்னைக்குக் கடையைச் சாத்திட்டு நீங்களும் வாங்க" ன்னாங்க. பின்சீட்டுல ருக்மணியம்மா பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டேன்.

மாஸ்டர் இடதுபக்க சீட்டுல இருந்தார். முப்பது வருசம் உட்கார்ந்த இடமல்லவா, ஆளே மாறிப் போயிருந்தார்.

"கியரை மாத்து. அது என்ன, மாவாட்டறாப்பல ஆட்டறே?"

"சரிங்க மாஸ்டர்."

"அப்பெல்லாம் இங்க ரெண்டு பக்கமும் புளியமரம். உச்சி வெயில்லயும் தார் சுடாது. இந்த வளைவுலதான் நீ கருப்பட்டி வண்டிக்காரனை வாய்க்கால்ல இறக்கினே."

"அவர்தான் குறுக்க வந்தாருங்க."

"ஆமா, மாடு இண்டிகேட்டர் போடல."

ருக்மணியம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாங்க. இப்படி இவர் பேசிக் கேட்டு எத்தனை நாளாச்சுன்னு என்கிட்டச் சொன்னாங்க. எனக்கும் நான் மொத மொதல்ல லாரியில ஏறுன காலம் ஞாபகம் வந்துருச்சு. அந்த ரோடு இன்னுங்கொஞ்சம் நீண்டாத்தான் என்னன்னு இருந்துச்சு.

கோமங்கலம் தாண்டினதும் மாஸ்டர், "ஓரமா நிறுத்து கோகிலா" ன்னார்.

நிறுத்தினாங்க.

"எஞ்சினை அணை."

அணைச்சாங்க.

"ஆறு வாரமாப் பார்க்கறேன். நீ ஓட்டறப்ப ஒருக்காகூட ஆடல."

மாஸ்டர் வலது கையை நீட்டி ஸ்டியரிங்கைப் பிடிச்சார். வண்டி நின்னுக்கிட்டுத்தான் இருக்குது. அவர் விரலு அஞ்சும் ஸ்டியரிங் மேல தடதடன்னு ஆடுச்சு. அதையே பார்த்துக்கிட்டிருந்தார். ருக்மணியம்மா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டாங்க. அவங்களுக்கு முன்னமே தெரிஞ்சிருக்கும்னு எனக்குப் பட்டுது.

அப்புறம் கையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டார்.

"இன்னைக்கு ஆஸ்பத்திரியில என் பேருக்கும் ஒரு சீட்டுப் போட்ரு."

"சரிங்க மாஸ்டர்."

"சாவி உன்கிட்டயே இருக்கட்டும்."

"சரிங்க மாஸ்டர்."

"கண்ணாடியைப் பார்த்து எடு. பின்னாடி பஸ் வருது."

ஆஸ்பத்திரியில அவங்க ரெண்டு பேரும் உள்ள போயிட்டாங்க. நானும் அம்மணியும் வேப்பமரத்தடியில கார்கிட்ட நின்னோம். எனக்கு மனசு ஆறல.

"நாலாவது தடவையே நாலு வார்த்தையில முடிஞ்சிருக்கும். எதுக்குங்க அம்மணி ஆறு வாரம்?"

அம்மணி கார் மேல படிஞ்சிருந்த தூசியைத் துணியால துடைச்சுக்கிட்டே சொன்னாங்க.

"நான் கத்துக்கறப்ப, தினமும் பஸ் ஸ்டாண்ட் முன்னாடி வந்ததும் கிளட்ச்சை விடத் தெரியாம வண்டியை அணைச்சுருவனுங்கண்ணா. பின்னாடி ஊரே ஹாரன் அடிக்கும். பொம்பளைக்கு எதுக்குடா இதெல்லாம்னு கத்துவாங்க. எனக்கு உடம்பே கூசிப் போகும். மாஸ்டர் இறங்கிப் போய் பானெட்டைத் திறந்து வெச்சுக்கிட்டு நிப்பார். புள்ள நல்லாத்தான் ஓட்டுது, இந்த வண்டியிலதான் கோளாறுன்னு எல்லார்கிட்டயும் சொல்வார்."

"எத்தனை நாளைக்குங்க அப்படிச் சொன்னார்?"

"எனக்கு கிளட்ச் படியற வரைக்கும்."