மேனேஜர் கடைசியாகச் செய்த காரியம்

வால்பாறைத் தேயிலைக் கம்பெனி ஒன்றில் மேனேஜர் வரதராஜுலு தும்மினால் ஆபீசே எழுந்து நின்று ‘நூறு’ சொல்லும். அங்கே டைப் அடிக்கிறவள் அமலி. அவள் பெண் குழந்தை தூத்துக்குடியில் நாத்தனாரிடம் வளர்கிறது. அத்தையைத்தான் அம்மா என்று கூப்பிடுகிறது. தூத்துக்குடிக் கிளைக்கு மாற்றல் கேட்டு மூன்று வருஷமாக அமலி எழுதுகிற கடிதமெல்லாம் கிணற்றில் போட்ட கல்.

அன்று தலைமை ஆபீசிலிருந்து டைரக்டர் அம்மா வந்திருந்தார். அவர் எதிரிலேயே அமலி கேட்டுவிட்டாள்.

“மாற்றல் கடிதமா? என் கம்ப்யூட்டரில் அப்படி எதுவும் இல்லையே” என்றார் மேனேஜர். சொல்லும்போதே திரையிலிருந்த அவள் கடிதத்தை அவர் அழித்தது, அவருக்குப் பின்னாலிருந்த பீரோக் கண்ணாடியில் அமலிக்குத் தெரிந்தது. “இருந்தா எடுத்துக் காட்டு, இப்பவே கையெழுத்துப் போடறேன். ஆனா கம்பெனி ஃபைலையெல்லாம் துழாவக் கூடாது.” மௌஸைக் கழற்றி டிராயரில் போட்டுக்கொண்டார்.

அமலி கீபோர்டை இழுத்து, கன்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து அழுத்தினாள். கடிதம் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தது.

“என்ன பண்ணினே?”

“நான் ஒண்ணும் பண்ணலை சார். நீங்க கடைசியா பண்ணினதை இந்த ரெண்டு கீயும் திருப்பிப் போடும், அவ்வளவுதான்.”

டைரக்டர் அம்மா கடிதத்தை அச்செடுக்கச் சொல்லி, பேனாவை மேனேஜர் பக்கம் தள்ளினார். கையெழுத்து விழுந்த பிறகு, “இதை எங்கேம்மா கத்துக்கிட்டே?” என்றார்.

“தினமும் ராஜினாமா எழுதறேன் மேடம். வேலை போனா என்ன செய்யறதுன்னு அழிச்சிடுவேன். அழிச்ச கையோட பிள்ளை முகம் வந்து நிக்கும். திரும்ப எடுத்துடுவேன்.”